வலம்புரி மரை

கையை மூன்று தடவை கழுவிவிட்டேன். சீயக்காய் போட்டு ஒரு தடவை, சாம்பல் போட்டு ஒரு தடவை, என் மனைவி மறைத்து வைத்திருந்த வாசனை சோப்பைத் திருடி ஒரு தடவை. மண்ணெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கலந்த நாற்றம் நகக்கண்ணை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. இந்தக் காகிதத்திலும் ஏறியிருக்கும். ஏறட்டும். உனக்கு எழுதும் கடிதத்தில் வேறு என்ன வாசனை இருக்க முடியும்?

செத்துப்போனவருக்குக் கடிதமா என்று அவள் கேட்டாள். உயிரோடு இருந்தபோதும் உனக்கு வாசிக்கத் தெரியாது. ஒரு காகிதம் வந்தால் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "எழுத்து நல்லாத்தான் இருக்கு வே, என்னமோ சொல்லுதானே, என்ன அது?" என்று கேட்பவன் நீ. அப்போதும் அடுத்தவர்தான் வாசித்துச் சொன்னார்கள். இப்போது இருக்கும் இடத்திலும் யாராவது வாசித்துச் சொல்லாமலா போய்விடுவார்கள்? ஐப்பசி மழையில் காய்ச்சல் வந்து நாலே நாளில் போய்விட்டாய். எட்டு மாதம் ஆகிறது. எல்லாரும் அழுது முடித்து ஆறிவிட்டார்கள். நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. எனக்கு உன் மேல் கோபம் இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நேற்றுப் பகல் முழுக்கத் திரேஸ்புரத்தில், கிழவியின் வயிற்றுக்குள் படுத்துக் கிடந்தேன். வேறு யாராவது இதை வாசித்தால் தப்பாக நினைத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்: கிழவி என்பது நம் படகு. பின்பக்கத்தில் பித்தளை எழுத்தில் ஒரு இங்கிலீஷ் பெயர் இருக்கிறது. அது கடற்கரையில் ஒருவர் வாயிலும் நுழையாததால் கிழவி என்ற பெயர் வந்தது. நம் கரையில் ஆழம் இல்லை. பெரிய கப்பல் எல்லாம் ஐந்தாறு மைல் தள்ளித்தான் நங்கூரம் போடும். அங்கே ஆட்களைக் கொண்டுபோய்க் கொண்டுவர ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி வைத்திருந்த பாய்ப்படகு அது. காற்றுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் அதன் வயிற்றில் ஒரு இஞ்சினையும் வைத்தார்கள். அதை ஓட்டும் தண்டல் நீ. உன் கீழே ஐந்து பேர்.

நேற்று நடந்ததைச் சொல்வதற்கு முன் பழையதைச் சொல்ல வேண்டும். உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் நான் இத்தனை வருஷமாக அதைச் சரியாகச் சொன்னதில்லை.

சண்டைக் காலம் அது. நான் ஆறுமுகநேரி உப்பளத்தில் பம்பு இஞ்சின்களுக்கு பிட்டர். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், உப்பு வெள்ளையில் கண் கூசிக்கொண்டு, தலையில் ஒரு நீல லேஞ்சைக் கட்டிக்கொண்டு, நீ வந்து நின்றாய். உங்கள் கடற்கரையில் கைக்குட்டையை லேஞ்சு என்பீர்கள் என்பதுகூட எனக்கு அப்போது தெரியாது.

"அண்ணாச்சி, இஞ்சின் வேல பாக்குதவரு நீருதானா?"

நான் உன்னைவிட இரண்டு வயது இளையவன். அண்ணாச்சி என்றது எனக்குப் பிடித்திருந்தது. திருத்தவில்லை. "ஆமா, என்ன விஷயம்?" என்றேன். நீ முகத்தைச் சட்டென்று இடப்பக்கமாகத் திருப்பிக்கொண்டாய். என்ன திமிர் பிடித்த ஆள் இவன் என்று நினைத்தேன். வலது காதை என் பக்கம் கொண்டுவரத்தான் திருப்பினாய் என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் விளங்கியது. சங்கு குளிக்கப் போய் ஒருநாள் ஆழம் தாங்காமல் இடது காது உடைந்துபோயிருந்தது. சீழ் வடிந்து, ஆறி, கல்லாகிவிட்டது. இனி முங்கினால் மற்றதும் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால்தான் படகுக்கு வந்தாய்.

"கிழவி அடி குழாயில தண்ணி ஏறுது. சாப்டை உருவணும். உருவ முடியல. அறுத்துப் போடுன்னு எஞ்சினியர் சொல்லுதாரு. அறுத்தா வேற சாப்ட் வராது, சண்டை நடக்குல்லா. அப்பம் கிழவிய ஒடச்சுப் பலகையா வித்துருவாங்க."

"எப்பம் வரைக்கும் டயம்?"

"சனிக்கிழமை மத்தியானம். அதுக்குள்ள கழட்டிட்டா கிழவி இருப்பா. இல்லன்னா ஓடாவி கோடாலியோட வாரான்." பிறகு சாதாரணமாக, வெயிலைப் பற்றிச் சொல்வது மாதிரி ஒன்று சொன்னாய்: "கடலுக்குள்ள போவக்கூடாதுன்னுட்டாங்க. கடலு மேலயாவது இருக்கணும்லா வே, நானு."

லீவு கேட்டேன். இல்லை என்றார்கள். கேட்டதுதான் தப்பு என்று புரிந்துகொண்டு, கேட்காமலே புதன்கிழமை விடியலில் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அதற்குப் பின்னால் வாங்கிக் கட்டிக்கொண்டதை எல்லாம் உனக்குச் சொன்னதே இல்லை.

கிழவியை மணலில் ஏற்றி முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தாய். விஷயம் சின்னதுதான். தண்ணீருக்குள் சுற்றும் விசிறிக்கும் உள்ளே இருக்கும் இஞ்சினுக்கும் நடுவில், படகின் அடியில் ஒரு குழாய் வழியாக, ஒரு நீளமான தண்டு. அதுதான் ஷாப்ட். அதன் உள்பக்கத் தலையில் சோற்றுத் தட்டு அகலத்தில் ஒரு இரும்புத் தட்டு. இஞ்சின் பக்கத்திலும் அதே மாதிரி ஒன்று. இரண்டையும் நாலு போல்ட் சேர்த்துப் பிடித்திருக்கும். அதற்குப் பெயர் கப்ளிங். நாலு போல்ட்டைக் கழற்றி, ஷாப்டை நாலு விரல் பின்னால் தள்ளினால், தட்டின் நடுக்குழியில் ஒரு பெரிய நட் தெரியும். அந்த நட்டைக் கழற்றி, தட்டை உருவிவிட்டால், ஷாப்ட் வெளியே வந்துவிடும். இருபது வருஷத்து உப்புத் தண்ணீர் அந்தத் தட்டையும் நட்டையும் ஷாப்டையும் ஒரே இரும்பாக்கி வைத்திருந்தது.

போல்ட் நாலும் வந்துவிட்டன. மண்ணெண்ணெயில் பாதிக்குப் பாதி தேங்காயெண்ணெய் கலந்து, துணியில் நனைத்து, குழிக்குள் திணித்தேன். உள்ளே ஒரே இருட்டு. குழி முழுக்கத் துரு அப்பியிருந்தது. நீ என் தோளுக்கு மேல் கையை நீட்டி, குழிக்குள் விரலை விட்டு, நட்டைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்த ஒன்றிரண்டு மரையை, அந்தத் திருகு வரிகளை, தடவிப் பார்த்தாய்.

"இது வலம்புரி வே."

"தெரியும் தெரியும். எல்லா மரையும் வலம்புரிதான். தள்ளும், வெளிச்சத்த மறைக்காதயும்."

இதுதான் நான் ஊரில் சொல்லாமல் விட்ட இடம்.

பனங்காட்டு ஊரில் பிறந்தவன் நான். எங்களுக்கு வலம் என்றால் வலம். கோயிலை எந்தப் பக்கமாகச் சுற்றுகிறோமோ அந்தப் பக்கம். உலகத்தில் உள்ள நட்டெல்லாம் வலப்பக்கம் திருகினால் இறுகும், இடப்பக்கம் திருகினால் கழலும். ஆக, வலம்புரி என்று நீ சொன்னது, 'இது சாதாரண நட்' என்று சொன்னதாகத்தான் என் மண்டையில் ஏறியது. சங்குக்காரனுக்கு எதற்கு இந்த வியாக்கியானம் என்று உள்ளுக்குள் ஒரு இளக்காரம் வேறு. பெட்டி ஸ்பேனரை மாட்டினேன், கம்பியைச் செருகினேன், இடப்பக்கம் இழுத்தேன்.

அன்றைக்கு முழுக்க இழுத்தோம். மறுநாளும் இழுத்தோம். உன் ஆட்கள் இரண்டு இரண்டு பேராக மாறி மாறித் தொங்கினார்கள். ஒரு கம்பி வளைந்தது. இன்னொரு கம்பி கொண்டுவந்தோம். நான் உன் ஆட்களைத் திட்டினேன். கஞ்சியா குடிக்கிறீர்கள், காற்றையா குடிக்கிறீர்கள் என்றேன். வியாழக்கிழமை சாயங்காலம் உன்னையும் திட்டினேன். நீ சும்மா பார்த்துக்கொண்டிருந்தாய். கேட்கவில்லையோ என்று நினைத்தேன். கேட்டிருந்தது. அடுத்த நாள் காலையில் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை. கம்பியை இரண்டு பேர் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். நீ தலையில் இருந்த லேஞ்சை அவிழ்த்து, கம்பியின் நுனியில் சுற்றி, அதைப் பல்லால் கடித்துக்கொண்டு கண்ணை மூடினாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன வே, பசியா?"

நீ கையைக் காட்டி அடக்கினாய். "இழுங்கலே" என்று கடித்த வாயோடே சொன்னாய். அவர்கள் இழுத்தார்கள். நிறுத்தச் சொன்னாய். மறுபடி இழுக்கச் சொன்னாய். பிறகு கம்பியை விட்டு வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாய். உன் முகத்தில் அவ்வளவு கோபத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

"இறுகுது வே."

"என்னது?"

"அவிழல. ஒவ்வொரு இழுப்புக்கும் இறுகுது. பல்லுல கேக்குது. ரெண்டு நாளா நாம கிழவிக்குக் கழுத்த நெரிச்சிக்கிட்டு இருக்கோம். வலம்புரின்னு மொத நாளே சொன்னேம்லா?"

"வலம்புரின்னா வலதுதான வே!"

நீ கீழே குதித்தாய். மணலில் கொஞ்ச தூரம் போய், சங்குக் கழிவு குவித்திருக்கும் இடத்தில் ஒரு உடைந்த சங்கைப் பொறுக்கிக்கொண்டு வந்தாய். என் பையிலிருந்து உப்பளத்துப் பம்பின் போல்ட் ஒன்றை எடுத்து என் மற்றக் கையில் திணித்தாய்.

"கண்ண மூடும். சங்கு சுத்துல விரல வையும், கூர்ப்பக்கம் இருந்து கீழ ஓட்டும். எந்தப் பக்கமா ஓடுது?"

சொன்னேன்.

"இப்பம் போல்ட்டுல வையும்."

அதே ஓட்டம்.

"இது இடம்புரி. ஊரெல்லாம் கெடக்கது இதுதான். ஒம்ம நட்டு போல்ட்டு எல்லாம் இடம்புரிதான். இப்பம் கிழவிக்க மரையில வையும்."

வைத்தேன். துருவுக்குள் நகத்தை விட்டு மெதுவாக ஓட்டினேன். மாறி ஓடியது. எனக்குக் காது சூடாகிவிட்டது.

"லட்சத்துல ஒண்ணு கெடக்கும், மாத்தி ஓடுதது. அதத்தான் நாங்க வலம்புரின்னு சொல்லுதோம். எனக்கு ஒரேயொரு தடவ கெடச்சிச்சு. தண்ணி கலங்கி ஒண்ணுந் தெரியல. விரல் வச்ச ஒடனே தெரிஞ்சுபோச்சு. அதெல்லாம் மறக்குமா வே?"

அதாவது, என் ஊர் வலமும் உன் கடல் வலமும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். உங்களுக்குச் சங்கைக் கையில் பிடிக்கும் முறை வேறு, எங்களுக்குத் திருகைப் பார்க்கும் முறை வேறு. ஆனால் இதை எல்லாம் நான் சாக்காகச் சொல்ல மாட்டேன். இடது மரை என்று ஒன்று உண்டு என்பது எனக்குத் தெரியும். வேலை பழகிய முதல் வருஷமே சொல்லிக் கொடுத்தது. ஒரு தடவை துருவைச் சுரண்டிவிட்டுக் கண்ணால் பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை. நீ சொன்னதையாவது என்ன சொல்கிறாய் என்று திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

ஸ்பேனரைத் திருப்பிப் போட்டு வலப்பக்கம் இழுத்தோம். இரண்டு நாள் நாம் இறுக்கியதையும் சேர்த்து அவிழ்க்க வேண்டியிருந்தது. நீ கம்பியைக் கடித்துக்கொண்டே இருந்தாய். பத்தாவது பதினோராவது இழுப்பில் எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை, ஆனால் உன் கண் பெரிதாயிற்று.

"விட்டுட்டா! கிழவி விட்டுட்டா வே!"

அரை விரல் அளவு நகர்ந்திருந்தது. அப்புறம் சாயங்காலத்துக்குள் நட் கையோடு வந்துவிட்டது.

நட்தான் வந்தது, தட்டு வரவில்லை. சாயங்காலம் எஞ்சினியர் வந்து எட்டிப் பார்த்தார். நம் ஊர் மனிதர்தான், ஆனால் தொப்பி வெள்ளைக்காரத் தொப்பி. "சம்மட்டி போட்டு அடிச்சுப் பாரு. இல்லன்னா கட் பண்ணிரு. டயம் வேஸ்ட்" என்றார். சம்மட்டி போட்டால் அடி எல்லாம் இஞ்சினுக்குள் போய் இறங்கும், பேரிங் நொறுங்கும். "மாட்டோம் சார்" என்றாய் நீ. அவ்வளவு மரியாதையாக ஒரு 'மாட்டோம்' நான் கேட்டதே இல்லை.

சனிக்கிழமை காலையில் ஓடாவி வந்துவிட்டார். படகு கட்டுகிறவர், உடைக்கவும் அவர்தான். நல்ல மனிதர். கோடாலியை மணலில் வைத்துவிட்டு நிழல் பார்த்து உட்கார்ந்து பீடி பற்ற வைத்தார். "நீங்க பாருங்கப்பா. மத்தியானம் வரைக்கும் நான் கோடாலியத் தொட மாட்டேன். இவளுக்குப் பலக மாத்துனது எங்க அப்பாதான்" என்றார்.

அதற்குமேல் நடந்தது என் வேலை. அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை, தாராளமாகச் சொல்வேன். ஷாப்டின் தலைக்கும் இஞ்சின் பக்கத்துத் தட்டுக்கும் நடுவில், விரல்கட்டை நீளத்துக்கு ஒரு உருண்டை இரும்புத் துண்டை நிறுத்தினேன். உப்பளத்தில் இருந்து கொண்டுவந்த நீளமான போல்ட் நாலை மறுபடி இரண்டு தட்டுக்கும் நடுவே பூட்டினேன். போல்ட்டை இறுக்க இறுக்கத் தட்டு முன்னால் வரப் பார்க்கும். ஷாப்ட் வர முடியாது, இரும்புத் துண்டு தடுக்கும். அடி இல்லை, உதை இல்லை. ஒவ்வொரு போல்ட்டுக்கும் கால் சுற்று, எதிரெதிராக. பிறகு எண்ணெய். பிறகு காத்திருத்தல். மறுபடி கால் சுற்று. நீ தட்டின் விளிம்பில் நெற்றியை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாய்.

பதினொரு மணி இருக்கும். போல்ட் இனி இழுத்தால் அறுந்துவிடும் என்ற நிலை. "ஒரு அரைக்கால் சுத்து போதும்" என்றாய். நான் மாட்டேன் என்றேன். "போடும், நான் சொல்லுதேன்" என்றாய். இந்தத் தடவை நீ சொன்னதைக் கேட்டேன். டங் என்று ஒரு சத்தம், கோயில் மணியில் கல் பட்டது மாதிரி. தட்டு ஷாப்டை விட்டு எகிறி என் முழங்கால் சில்லைப் பதம் பார்த்துவிட்டு போல்ட்டில் தொங்கியது. நான் வலியில் கத்தினேன். நீ சந்தோஷத்தில் கத்தினாய்.

"ஏலே! ஏலே! வந்துட்டா பாத்தியாலே!"

அதுவரைக்கும் அண்ணாச்சி, வே. அந்த நிமிஷத்தில்தான் ஏலே ஆனேன். அதற்குப் பிறகு நீ சாகும் வரைக்கும் எனக்கு வேறு பெயர் இல்லை. வெளியே ஓடாவி எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, கோடாலியைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மத்தியானம் எஞ்சினியர் வந்தார். தட்டைப் பார்த்தார், நட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "லெப்ட் ஹேண்ட் திரெட்! எப்படிக் கண்டுபுடிச்ச?" என்று என்னைக் கேட்டார். நீ எனக்கு வலப்பக்கம் நின்றிருந்தாய். உன் இடது காது என் பக்கம்.

"அனுபவம் சார்" என்றேன்.

நீ சிரித்தாய். கேட்டுத்தான் சிரித்தாயா, கிழவி பிழைத்துவிட்டாள் என்று சும்மா சிரித்தாயா என்று நேற்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவும் பயம். அப்புறம் அந்தப் பொய்யை ஊரெல்லாம் சொன்னேன். உப்பளத்தில் சொன்னேன், பெண் வீட்டில் சொன்னேன், கல்யாணத்துக்குப் பிறகு மனைவியிடமும் அதையே சொன்னேன். ஒவ்வொரு தடவையும் நான் துருவுக்குள் விரல் விட்டுக் கண்டுபிடித்தேன். நீ பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாய்.

தட்டைத் திரும்பப் பூட்டும்போது, அடுத்து வருகிறவன் நம்மைப் போல முட்டாளாகக் கூடாது என்று அதன் விளிம்பில் ஒரு அடையாளம் அடிக்க நினைத்தோம். நான் உளியை எடுத்து 'வ' என்று ஒரு எழுத்தை வெட்டினேன். நீ தடவிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாய்.

"எழுத்துன்னா எவனாவது தப்பா வாசிப்பாம்லே. சங்குப் படம் போடு."

"படமா? நம்ம என்ன சின்னப் பிள்ளைகளா? எழுத்து எழுத்துதான்" என்றேன்.

கேட்டுக்கொண்டிரு, இனி நேற்றைய கதை.

நீ போன பிறகு கிழவிக்குப் புதுத் தண்டல் வரவில்லை. உன் ஆட்கள் ஐந்து பேரும்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். கொடி மாறி, கம்பெனியும் கைமாறி, எஞ்சினியரும் வேறு ஒருவர். மறுபடி குழாய் தேய்ந்து தண்ணீர் ஏறியிருக்கிறது. மறுபடி கப்ளிங் கழலவில்லை. மறுபடி, அறுத்துப் போடு என்று உத்தரவு. இதைக் கேட்டதும் உன் ஆட்களில் மூத்தவர் பஸ் பிடித்து ஆறுமுகநேரிக்கு வந்துவிட்டார். இந்தத் தடவை நான் லீவே கேட்கவில்லை.

போய்ப் பார்த்தால், உன் ஆட்களைக் கிட்டே விடாமல், கம்பெனி ஆட்கள் மூன்று பேர் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறார்கள். நட்டின் மூலை எல்லாம் மழுங்கிக் கிடக்கிறது. "எந்தப் பக்கம் இழுக்கீங்க?" என்று கேட்டேன். அவர்களில் ஒருவன் விளிம்பில் இருக்கும் எழுத்தைப் பெருமையாகக் காட்டினான்.

"வ போட்டுருக்குல்லா அண்ணாச்சி. வலது மரை. அதான் இடப்பக்கமா இழுக்கோம். மூணு நாளா வர மாட்டேங்கு."

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. கிழவியின் விலாப் பலகையில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். நீ அங்கேயே எங்கோ உட்கார்ந்து, "சொன்னேம்லாலே" என்று சொல்வது மாதிரி இருந்தது. சொன்னாய். ஆமாம், சொன்னாய். நான் எப்போதுதான் உன் பேச்சை முதல் தடவையிலேயே கேட்டேன்?

புது எஞ்சினியர் சின்ன வயது, மரியாதை தெரிந்த ஆள்தான். ஆனால் ரம்பத்தை எடுத்து வைத்திருந்தார். "பெரியவரே, வேண்டாம் விடுங்க. ரொம்பப் பழைய படகு. அறுத்துடலாம்" என்றார்.

"பழசுன்னா அறுத்துருவீங்களோ? என் கையும்தான் பழசு. சாயங்காலம் வரைக்கும் டயம் குடுங்க. கழலலன்னா அறுங்க. ரம்பத்த நானே பிடிச்சித் தாரேன்" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. பரவாயில்லை.

மழுங்கிய மூலைகளை அரத்தால் சீவி ஸ்பேனர் பிடிக்கும்படி செய்தேன். எண்ணெய் கலந்து திணித்தேன். உன் ஆட்களை வலப்பக்கம் இழுக்கச் சொன்னேன். நகரவில்லை. மறுபடி. நகரவில்லை. மூன்று நாள் கழுத்து நெரிபட்டவள், சும்மா விடுவாளா? எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. உண்மையிலேயே அவிழ்கிறதா, இல்லை நட்டுக்குள் ஷாப்ட்தான் முறுக்கிக்கொள்கிறதா? கையால் தெரியவில்லை. காதால் கேட்டால் அலைச் சத்தம்தான் கேட்டது.

உன்னை அடக்கம் செய்த அன்றைக்கு உன் மனைவி, என் மதினி, என்னைக் கூப்பிட்டு அந்த நீல லேஞ்சைக் கையில் கொடுத்தார். துவைக்காமலே கொடுத்தார். அதைப் பையின் அடியில் வைத்திருக்கிறேன். நேற்று எடுத்தேன். கம்பியின் நுனியில் சுற்றினேன். எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று கவலைப்படாமல் கடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். ஒருவரும் சிரிக்கவில்லை. உன் ஆட்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குப் பயம்.

"இழுங்கலே" என்றேன்.

முதலில் ஒன்றும் இல்லை. உன் தலையெண்ணெய், உப்பு, துரு. பிறகு இழுக்கும்போதெல்லாம் தாடை எலும்புக்குள் ஒரு மெல்லிய கிறீச். அடுத்ததில் அது கொஞ்சம் தணிந்தது. அதற்கடுத்ததில் இன்னும் தணிந்தது. இறுகினால் சத்தம் கூர்மையாகும், அவிழ்ந்தால் தணியும். நீ சொல்லாமலே எனக்கு விளங்கிவிட்டது. "நிறுத்தாதீங்க, வருது, வருது" என்று கத்தினேன். எட்டாவது இழுப்பில் பல்லில் ஒரு சின்ன 'டிக்'. வெளியே யாருக்கும் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. இத்தனை வருஷமும் உனக்கு மட்டும் கேட்டது எனக்கும் கேட்டது. லேஞ்சைக் கடித்துக்கொண்டே அழுதேன், வெட்கமே இல்லாமல்.

மீதி வேலை, உருண்டை இரும்பும் நாலு போல்ட்டும், மாலை நாலு மணிக்குள் முடிந்துவிட்டது. தட்டு குதிக்கும்போது முழங்காலை ஒதுக்கிக்கொண்டேன்.

எஞ்சினியர் நட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு அதே கேள்வியைக் கேட்டார். வார்த்தை மாறாமல். "எப்படிக் கண்டுபுடிச்சீங்க?"

உன் ஆட்கள் ஐந்து பேரும் நின்றிருந்தார்கள். கம்பெனி ஆட்கள் மூன்று பேரும் நின்றிருந்தார்கள். சொன்னேன். முதல் நாள் நீ சொன்னது, நான் கேட்காதது, இரண்டு நாள் கழுத்தை நெரித்தது, உடைந்த சங்கு, எல்லாம். அப்புறம் "அனுபவம் சார்" என்று சொன்னதையும் சொன்னேன். உன் ஆட்களில் மூத்தவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "தண்டலுக்கு அன்னைக்கே கேட்டுச்சு அண்ணாச்சி. எங்ககிட்ட சொல்லிச் சிரிச்சாரு" என்றார்.

கேட்டிருக்கிறது உனக்கு. கேட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இத்தனை வருஷம் என்னோடு சாப்பிட்டு, என் கல்யாணத்தில் பந்தி விசாரித்து, என் பொய்யை என் மனைவிக்கு முன்னாலேயே கேட்டுத் தலையாட்டிக்கொண்டு இருந்திருக்கிறாய். உன் மேல் கோபம் என்று முதலில் எழுதினேனே, அது இதனால்தான். ஒரு தடவை என்னைத் திட்டியிருக்கலாம். ஒரு தடவை!

எஞ்சினியர் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். பிறகு, "இந்த வ-வை அரம் போட்டு எடுத்துடுங்க. லெப்ட்டுக்கு 'எல்'லுன்னு அடிச்சிடுங்க. அதுதான் ரூல். எல்லாருக்கும் புரியும்" என்றார்.

"மாட்டேன் சார்" என்றேன். உன்னைப் போல மரியாதையாகச் சொல்லிப் பார்த்தேன். அவ்வளவு நன்றாக வரவில்லை.

தட்டைத் தூக்கிக்கொண்டு நேராக உன் வீட்டுக்குப் போனேன். மதினியிடம் கேட்டேன், வலம்புரி வரைந்தால் வாய் எந்தப் பக்கம் வரவேண்டும் என்று. இன்னொரு தடவை தப்புப் பண்ண எனக்குத் தைரியம் இல்லை. அவர் அடுப்புக் கரியை எடுத்துத் தரையில் ஒரே இழுப்பில் வரைந்தார். "அவுக இப்படித்தான் வரைவாக" என்றார். அதைப் பார்த்துப் பார்த்து, 'வ'-வுக்குப் பக்கத்தில் உளியால் வெட்டினேன். கொஞ்சம் கோணல்தான். கத்திரிக்காய் மாதிரி இருக்கிறது என்று மதினி சிரித்தார். நீ போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

நாளைக்குப் போய்த் தட்டைப் பூட்ட வேண்டும். எஞ்சினியர் மறுபடி சொல்வார். நானும் மறுபடி சொல்வேன். 'எல்' என்று போட்டால் வருகிறவன் பார்ப்பான், கழற்றுவான், போய்விடுவான். அந்த இடத்தில் ஒரு 'வ'-வையும் ஒரு கத்திரிக்காயையும் பார்த்தால், இது என்னது என்று பக்கத்தில் இருப்பவனைக் கேட்காமல் அவனால் ஸ்பேனரை வைக்க முடியாது. கேட்கட்டும் ஏலே. கேட்டால் யாராவது உன்னைப் பற்றிச் சொல்லித்தான் ஆக வேண்டும்.